மண்ணெண்ணெய் ஆவியாகும் வரை

மீரியபெத்தவைச் சுற்றிய மலைகளில் பெய்யும் மழைக்குக் கடல்வரை ஒரு வழி இருக்கிறது. ஓடைகளாக இறங்கும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு, கொஸ்லந்தைக்குக் கீழே தியலும நீர்வீழ்ச்சியாக 220 மீற்றர் விழுந்து, கிரிந்தி ஓயாவில் கலந்து, லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத்தைக் கடந்து தெற்குக் கடலுக்குப் போய்ச் சேர்கிறது. பத்தொன்பது வயதில் நானும் கொஸ்லந்தையில் பஸ் ஏறி, வெல்லவாய, தணமல்வில, திஸ்ஸமகாராம என்று ஏறக்குறைய அதே வழியில் இறங்கிக் கிரிந்தவுக்குப் போனேன். நான் எந்த ஊர் என்று கேட்டவர்களுக்கு அப்போது "தியலுமவுக்கு மேலே" என்று சொல்வேன். மீரியபெத்த என்றால் யாருக்கும் தெரியாது. 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடிய பிறகுதான் நாடு அந்தப் பெயரைக் கேட்டது.

கிரிந்தவில் எனக்குக் கிடைத்த வேலை, மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் ஒரு கராஜில். படகின் பின்பலகையில் திருகிப் பூட்டி, சுழலியைத் தண்ணீருக்குள் இறக்கி ஓட்டும் இயந்திரம் அது. கடலோரத்தில் எல்லோரும் அதை எஞ்சின் என்றுதான் சொன்னார்கள். கராஜ்காரரை நானா என்று கூப்பிட்டேன். அவருடைய தமிழும் என் தோட்டத்துத் தமிழும் வேறு வேறாக இருந்தாலும் நாங்கள் பேசிக்கொள்ள அதுவே போதுமாக இருந்தது. அங்கே நான் படித்த முதல் பாடத்தை, உண்மையில், ஊரிலேயே பாதி படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். பாடம் மண்ணெண்ணெய் பற்றியது.

எங்கள் லயத்தில் குப்பி விளக்குதான். சிறு போத்தல், மூடியில் துளை, பழைய துணித் திரி. கொஸ்லந்தைக் கடைத்தெருவில் ஒரு தேத்தண்ணிக் கடையில் பம்ப் அடுப்பு இருந்தது. அதைப் பற்றவைக்கும்போது கடைக்காரர் முதலில் மண்ணெண்ணெயைத் தொடமாட்டார். அடுப்பின் கழுத்தைச் சுற்றியிருக்கும் சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவார். அது எரிந்து முடியப் போகும் வேளையில்தான் பம்ப் அடிப்பார். உடனே நீல நெருப்புச் சீறிக்கொண்டு வரும். பொறுமையில்லாமல் முன்னதாகவே பம்ப் அடித்தால் மஞ்சள் தீயும் கரும்புகையுமாகக் கூரைவரை எழும்பும்.

திரவம் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. குப்பி விளக்கும் பம்ப் அடுப்பும் கடல் எஞ்சினும் இந்த ஒரு விதிக்குள் நிற்பவை. பெற்றோல் சுழியத்துக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவிலும் பற்றிக்கொள்ளப் போதுமான ஆவியை விடும். மண்ணெண்ணெய்க்கு அதற்கு 38 பாகையாவது வேண்டும். கிரிந்தவின் கடும் வெயிலிலும் காற்றின் வெப்பம் வழக்கமாக அந்த அளவைத் தொடுவதில்லை. அதனால்தான் விளக்குக்குத் திரி தேவைப்படுகிறது. திரி ஒரு சொட்டு எண்ணெயை மேலே இழுத்து நெருப்பின் காலடியில் வைக்கிறது. அந்தச் சொட்டு மட்டும் சூடேறி ஆவியாகி எரிகிறது. அடுப்பில் அதே வேலையைச் செய்வது ஸ்பிரிட்டில் காய்ந்த கழுத்து.

இலங்கைக் கரையோரத்தில் சிறு படகுகளின் எஞ்சின்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுபவை. குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெயை விட்டுக் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது துளித்துளியாக உலோகச் சுவரில் ஒட்டிக்கொள்ளும், ஆவியாகாது. ஆகவே முதலில் சிறிது பெற்றோலில் ஓடவிட்டு, எஞ்சின் சூடேறிய பிறகு குழாய்த் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவார்கள். கரைக்கு வந்து நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு மறுபடியும் பெற்றோலுக்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேட்டரின் கிண்ணத்தில் மறுநாள் விடியலுக்கான பெற்றோல் தங்கியிருக்கும். களைத்துப்போய் வந்து இதை ஒருநாள் மறந்தவர், அடுத்த நாள் கயிற்றை இழுத்தே தோள்பட்டை நோவார்.

இந்தச் சிரமத்தைச் சகித்துக்கொண்டதற்குக் காரணம் மண்ணெண்ணெயின் மலிவு விலை. 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்ந்தபோது லயத்து விளக்கும் கடலோரத்துப் படகும் ஒரே நாளில் அடி வாங்கின. மலைநாட்டு மக்களுக்கும் கடலோர மக்களுக்கும் பொதுவாக எவ்வளவு இருக்கிறது என்பதை எனக்கு அந்த விலைப்பலகை காட்டியதுபோல் வேறெதுவும் காட்டியதில்லை. அதற்கு முந்தைய மாதங்களின் தட்டுப்பாட்டில் எண்ணெய் கிடைத்ததே பெரிய காரியம். கிடைத்தவர்கள் கிடைத்த பாத்திரத்தில் அடைத்து வைத்தார்கள். எண்ணெய்க் கோளாறு என்று ஒரு எஞ்சின் வந்தால், அதைக் கழற்றுவதற்கு முன் எண்ணெய் எதில் எத்தனை நாள் இருந்தது என்று நான் கேட்கப் பழகியது அப்போதுதான்.

வடக்கில் இருப்பவர்கள் இதை இன்னும் கடுமையாகப் பட்டிருக்கிறார்கள். 1990களில் பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்களே மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினை எழுப்ப மட்டும் சிறு போத்தலில் காத்து வைத்த பெற்றோலைக் காபரேட்டருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். இரவில் ஜாம் போத்தல் விளக்கு. கிளாலிக் கடல்நீரேரியை மக்கள் இருட்டில் படகில் கடந்ததும் அந்தக் காலத்தில்தான். நடுநீரேரியில் எஞ்சின் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்தப் படகுகளில் இருந்தவர்கள் ஒவ்வொரு நிமிடமும் அறிந்திருந்தார்கள். அவர்களுக்கு எரிபொருளின் ஆவியாகும் தன்மை பாடப்புத்தகத்து விஷயமாக இருந்திருக்காது.

இனி, நானாவின் கராஜுக்கு வந்த ஒரு எஞ்சினைப் பற்றிச் சொல்கிறேன். 15 குதிரைவலு, இரண்டு சிலிண்டர், வயது இருபதுக்கு மேல். கரையில் நன்றாகக் கிளம்புகிறது. மெதுவாக ஓட்டினால் ஓடுகிறது. முழு வேகம் கொடுத்துப் பத்து நிமிடம் போனதும் குரல்வளையை யாரோ அழுத்துவதுபோல் தேய்ந்து நின்றுவிடுகிறது. ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் மறுபடி கிளம்புகிறது. படகுக்காரர் மின்பொறி தரும் பிளக்கை மூன்று முறை மாற்றிவிட்டுத்தான் எங்களிடம் வந்தார்.

"தம்பி, முதல்ல பிளக்கக் கழட்டிப் பாருங்க. பொய் சொல்லாத சாமான் அது ஒண்டுதான்" என்றார் நானா. எஞ்சின் நின்ற உடனே கழற்றிய பிளக் நனைந்திருந்தால் எரிபொருள் வந்திருக்கிறது, எரியவில்லை என்று பொருள். மின்பொறியைச் சந்தேகிக்கலாம், அல்லது எண்ணெய்க்குள் தண்ணீரை. பிளக் காய்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவே இல்லை. எங்கள் பிளக் காய்ந்து, முனை வெளுத்திருந்தது.

வெளுத்த பிளக்கைப் பார்த்து நானா முகம் சுளித்தார். அதன் காரணம் எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது. ஒரு பங்கு பெற்றோல் முழுமையாக எரிய, எடைக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். லீற்றர்க் கணக்கில் சொன்னால் ஒரு லீற்றருக்குச் சுமார் ஒன்பது கனமீற்றர். பத்துக்குப் பன்னிரண்டு அடியில், எட்டடி உயரத்தில் ஒரு லயத்து அறையை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று லீற்றர் பெற்றோல் எரிந்தால் அந்த அறையின் காற்று முழுவதும் தீர்ந்துவிடும். இந்த விகிதத்தில் எரிபொருள் குறைந்தால் எஞ்சின் வெறுமனே வலுவிழப்பதில்லை, அளவுக்கு மீறிச் சூடாகிறது. இரண்டடிப்பு எஞ்சினில் ஆபத்து இரட்டிப்பு. அதற்கு வழக்கமாகத் தனியாக மசகெண்ணெய்த் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்த எண்ணெயே பேரிங்குகளுக்கும் பிஸ்டனுக்கும் வழவழப்பைத் தருகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்றால் 20 லீற்றருக்கு 400 மில்லிலீற்றர். எரிபொருள் வரத்துக் குறையும்போது அந்த மசகும் குறைகிறது. பட்டினியும் தாகமும் ஒன்றாக வருவதுபோல. பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிப் போன பல எஞ்சின்களைப் பிரித்திருக்கிறேன். அவற்றில் சிலவற்றுக்கு நோய் ஒரு பத்து ரூபாய் ரப்பர் வளையத்தில் தொடங்கியிருந்தது.

எரிபொருள் நடக்கும் பாதையில் நானும் தாங்கியிலிருந்து நடக்கத் தொடங்கினேன். தாங்கியின் மூடியில் காற்றுத் திருகு ஒன்று உண்டு. படகை ஏற்றி இறக்கும்போது எண்ணெய் சிந்தாமலிருக்க அதை மூடுவார்கள், கடலுக்குப் போகும்போது திறக்க மறப்பார்கள். எண்ணெய் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் வளரும். ஒரு கட்டத்தில் பம்பால் இழுக்க முடியாது. டின்பாலில் ஒரே துளை போட்டுக் கவிழ்த்தால் வராது, எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் வழியும் என்பது எந்தத் தேத்தண்ணிக் கடைப் பையனுக்கும் தெரியும். எங்கள் படகில் திருகு திறந்தே இருந்தது.

அடுத்தது குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர்க் குமிழ். கையால் அழுத்தி எண்ணெயை எஞ்சின்வரை கொண்டுபோக வைத்தது அது. இருபக்கமும் ஒருவழி வால்வு இருப்பதால் அது ஒரு சிறு இதயம், அதோடு நல்ல நோய்காட்டியும்கூட. மேலே போட்ட அம்பு எஞ்சினைப் பார்த்திருக்க வேண்டும். ஓடும்போது குமிழ் சப்பையாக ஒட்டிப்போனால் அடைப்பு தாங்கிப் பக்கம். எவ்வளவு அழுத்தியும் கடினமாகவில்லை என்றால் எங்கோ காற்று நுழைகிறது, அல்லது குமிழின் வால்வு தேய்ந்திருக்கிறது, அல்லது காபரேட்டரின் ஊசி வால்வு மூடாமல் எண்ணெய் வழிந்துகொண்டிருக்கிறது. எஞ்சின் சாகப் போகும் நேரத்தில் குமிழை அழுத்தினால் உயிர் வருகிறதா? அப்படியானால் எஞ்சினோடு இருக்கும் பம்பின் ரப்பர்ச் சவ்வைப் பார்க்க வேண்டும். இரண்டடிப்பு எஞ்சினில் அந்தச் சவ்வை அசைப்பது, பிஸ்டனுக்குக் கீழே கூடிக் குறையும் காற்றழுத்தம். காலம் போகப்போகச் சவ்வு விறைத்து, ஊசிமுனையளவு கிழிசல் விழும்.

காற்று நுழைவதைக் கண்டுபிடிப்பது எண்ணெய் ஒழுகுவதைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினம். பம்பிலிருந்து காபரேட்டர்வரை அழுத்தத்தில் இருப்பதால் ஓட்டை விழுந்தால் சொட்டும், கண்ணில் படும். தாங்கியிலிருந்து பம்ப்வரை உறிஞ்சப்படுவதால் ஓட்டை விழுந்தாலும் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது, வெளிக்காற்றுதான் உள்ளே போகும். குழாயை எஞ்சினில் பூட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம் ஒன்று வெடித்திருந்தால் போதும். காய்ந்த குழாயைத் தடவிப் பார்த்து "ஒழுகல் இல்லை" என்று முடிவெடுத்த பலரை இந்த வளையம் ஏமாற்றியிருக்கிறது. தாங்கிக்கும் எஞ்சினுக்கும் இடையில் ஒளி ஊடுருவும் குழாய்த்துண்டு ஒன்றைப் பொருத்திப் பார்த்தால் குமிழிகள் ஓடுவது தெரிந்துவிடும். எங்கள் படகில் குமிழிகள் இல்லை. குமிழும் கல்போல இறுக்கமாகவே இருந்தது.

தண்ணீரையும் பார்த்தோம். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எண்ணெயை வெள்ளைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்துப் பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் போதும். ஒரு லீற்றர் தண்ணீர் ஒரு கிலோ, மண்ணெண்ணெய் சுமார் 800 கிராம், பெற்றோல் அதற்கும் குறைவு. தண்ணீர் இருந்தால் கீழே கோடு விழும். பாதி காலியான தாங்கிக்குள் இருக்கும் காற்று பகலில் விரிந்து வெளியேறும், இரவில் சுருங்கிக் கடலின் ஈரக்காற்றை உள்ளே இழுக்கும். அந்த ஈரம் உட்சுவரில் பனித்து அடியில் சேரும். எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது.

இந்தத் தண்ணீர் செய்யும் வேலையில் எனக்குப் பிடித்த ஒரு இயற்பியல் இருக்கிறது. காபரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் பித்தளைத் துளைக்கு ஜெட் என்று பெயர். பெரியது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் விட்டத்தில், மெது ஓட்டத்துக்கான சிறியது அதற்கும் மெல்லியதாக இருக்கும். தண்ணீரின் பரப்பிழுவிசை பெற்றோலுடையதைவிட மூன்று மடங்குக்கும் மேல். துளையில் வந்து உட்காரும் ஒரு தண்ணீர்த் துளி, தோல் போர்த்திய முத்துபோல அங்கேயே நின்றுவிடும். பின்னால் வரும் எண்ணெயின் மெல்லிய அழுத்தத்துக்கு அதைத் தள்ள வலு போதாது. துருவும் தூசியும் இல்லாத, கண்ணாடிபோல் சுத்தமான காபரேட்டர் ஒரு துளி நீரால் அடைத்துக்கொள்ளும்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வாசகர்களுக்கு இங்கே ஒரு சொல். இந்தியாவில் 2025இல் பெற்றோலில் எதனோல் 20 விழுக்காட்டை எட்டியது. எதனோல் ஈரத்தை விரும்பிக் குடிக்கும். அளவு மீறியதும் தண்ணீரையும் அழைத்துக்கொண்டு பெற்றோலிலிருந்து பிரிந்து அடியில் தனிப் படலமாக இறங்கிவிடும். மாதக்கணக்கில் தாங்கியில் பெற்றோலை வைத்திருக்கும் பழைய எஞ்சின்காரர்கள் போத்தல் சோதனையைப் பழக்கமாக்கிக்கொள்வது நல்லது. பழைய ரப்பர்க் குழாய்களும் எதனோலில் ஊறி இளகும்.

எதனோல் இல்லாவிட்டாலும் பெற்றோல் மூப்படையும். அதில் உள்ள சில ஐதரோகாபன்கள் காற்றின் ஒட்சிசனோடு சேர்ந்து பிசினாகும். மெல்லிய பங்கு ஆவியாகிப் போய்விட, மீதி வார்னிஷ் மணத்தோடு பழுப்பாகத் தடிக்கும். ஒரு மில்லிமீற்றர் ஜெட்டின் சுவரில் இந்தப் பிசின் படிந்து துளை 0.9 மில்லிமீற்றராகச் சுருங்கினால், பரப்பு வர்க்கத்தில் குறைவதால் 19 விழுக்காடு எரிபொருள் போய்விடும். இதைச் சுத்தம் செய்ய இரும்புக் கம்பியை விடுபவர்களைத்தான் நானா கடிந்துகொள்வார். பித்தளை மெத்தென்ற உலோகம். கம்பி உராய்ந்து துளை 1.1 ஆனால் இந்த முறை 21 விழுக்காடு கூடிவிடும், பிறகு எஞ்சின் புகை கக்கிக்கொண்டே இருக்கும். அவர் கையில் எப்போதும் தங்கூசித் துண்டு ஒன்று இருக்கும். மீன் பிடிக்கிற அதே நைலோன் நூல். ஜெட்டை இரவு முழுக்கப் பிசின் கரைக்கும் மருந்தில் ஊறப்போட்டு, காலையில் தங்கூசியை விட்டு இழுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார்.

எங்கள் எஞ்சினில் தண்ணீரும் இல்லை, ஜெட்டுகளும் சுத்தமாக இருந்தன. பம்பின் சவ்வை மாற்றினோம். மாற்றமில்லை. மூன்றாம் நாள் நானா என்னிடம் பேசாமல் குழாயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, குமிழிலிருந்து எஞ்சின்வரை உள்ள துண்டை மட்டும் விரலால் அங்குலம் அங்குலமாக உருட்டிப் பார்த்தார். குமிழ் கல்போல இருந்தது என்று சொன்னேனே, விடை அதற்குள்தான் இருந்தது. அடைப்பு தாங்கிப் பக்கம் இருந்திருந்தால் குமிழ் சப்பியிருக்கும். குமிழ் நிறைந்திருந்தும் எஞ்சின் பட்டினி கிடந்தது என்றால், அடைப்பு குமிழுக்கும் எஞ்சினுக்கும் நடுவே. பிளேடால் குழாயை நீளவாக்கில் பிளந்தார். வெளித்தோல் புதுசுபோல் இருந்தது. உள்தோல் ஓரிடத்தில் உரிந்து நாக்குபோலத் தொங்கிக்கொண்டிருந்தது.

மெது ஓட்டத்தில் எண்ணெய் அந்த நாக்கைச் சுற்றிக்கொண்டு போய்விடும். முழு வேகத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு ஐயாயிரம் முறை சுழலும்போது, இரண்டடிப்பாகையால் ஒவ்வொரு சுற்றிலும் எரிய எண்ணெய் வேண்டும். ஓட்டம் வேகமானதும் நாக்கு இழுபட்டு வழியை மூடிக்கொள்ளும். காபரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருப்பது தீரும்வரை எஞ்சின் ஓடும், பிறகு நிற்கும். இழுப்பு நின்றதும் நாக்கு தளரும், கிண்ணம் மெல்ல நிறையும். ஐந்து நிமிட ஓய்வு என்று படகுக்காரர் சொன்னது இதைத்தான். இரண்டு மீற்றர் புதுக் குழாயோடு அந்த எஞ்சின் போனது. படகுக்காரர் பழைய குழாயைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய், துறைமுகத்தில் எல்லோருக்கும் அந்த நாக்கைக் காட்டினாராம்.

இவற்றை எல்லாம் செய்யும்போது ஒரு பயம் கூடவே இருக்க வேண்டும். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது படகின் அடியில், மிதிபலகைக்குக் கீழே தேங்கும். பிளக்கைக் கழற்றிப் பொறி பார்க்கும்போது அந்த ஆவியை விசிறிக் கலைத்துவிட்டுப் பாருங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள்.

வெள்ள நிவாரணத்துக்கென்று எங்கெங்கோ களஞ்சியங்களில் நிறுத்திவைத்திருக்கும் படகுகளை நினைக்கும்போது எனக்கு மனம் அடித்துக்கொள்கிறது. மலையில் மண் சரியும் அதே மழைதான் கீழே ஆறுகளைப் பெருக்குகிறது. அந்த எஞ்சின்கள் ஆண்டில் பெரும்பகுதி ஓடாமல் நிற்கின்றன. தாங்கியில் சென்ற மழைக்காலத்துப் பெற்றோல், காபரேட்டர் கிண்ணத்தில் பிசின், விறைத்த சவ்வு. நிறுத்தும்போது குழாயைக் கழற்றிவிட்டுக் கிண்ணம் காயும்வரை மெதுவாக ஓடவிட்டு, மீதியை வடித்து, மாதம் ஒருமுறை தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கிப் பத்து நிமிடம் ஓட்டிவைக்க ஒரு ஆள் போதும். அந்த ஆளை நியமித்திருக்கிறார்களா என்று கேட்பது மலையடிவாரத்தில் வாழும் ஒவ்வொருவரின் உரிமை.

கிரிந்தவில் நான் ஆறு ஆண்டுகள் இருந்தேன். மணல் வந்து மூடிக்கொண்டே இருக்கும் துறைமுகம் அது. விடியற்காலையில் கராஜ் வாசலில் உட்கார்ந்திருந்தால் படகுகள் வருவது இருட்டில் தெரியாது, சத்தம்தான் கேட்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்குக் கரகரத்த, சற்றே தடுக்கும் குரல். கரை நெருங்கியதும் அந்தக் குரல் ஒரு கணம் தயங்கி, பிறகு தெளிந்து மேலேறும். திருகைப் பெற்றோல் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். நானா விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருப்பார். மாறாத குரலோடு ஒரு படகு கரை சேர்ந்தால், "அவரு நாளைக்குக் காலையில இங்க வருவாரு, தம்பி" என்பார். நான் எழுந்து பிளக் சாவியை எடுத்து வைப்பேன்.